காலைக் கறியா, ஐஸ் கறியா? பர்கருக்குள் ஒரு வெப்பக் கணக்கு

ஆம்பூர், பேரணாம்பட்டு, வாணியம்பாடி, மேல்விஷாரம் என்று பழைய வட ஆற்காட்டில் எங்கே போனாலும், மாட்டுக்கறி வாங்குகிறவர்களுக்கு ஓர் அசையாத நம்பிக்கை உண்டு. விடியலில் அறுத்ததைக் காலையிலேயே வாங்கிவிட வேண்டும், மதியத்துக்குள் அது அடுப்பேறிவிட வேண்டும். ஐஸில் வைத்த கறி என்றால் முகம் சுளிப்பார்கள். பிரியாணிக்கும் சுக்காவுக்கும் இந்த நம்பிக்கை சரியாகவே பொருந்துகிறது. ஆனால் இப்போது வேலூரில் பிள்ளைகள் பர்கர் கேட்கிறார்கள், வீட்டிலேயே கைமா வாங்கிச் செய்தும் பார்க்கிறார்கள். அங்கேயும் அதே விதியை அப்படியே கொண்டுபோவதில்தான் சிக்கல். பர்கரைப் பொறுத்தவரை கறி உறைந்ததா இல்லையா என்று கேட்பதற்கு முன்னால் இரண்டு கேள்விகள் இருக்கின்றன: எவ்வளவு வேகமாக உறைந்தது? அரைத்த பிறகு எவ்வளவு நேரம் சூட்டில் கிடந்தது?

இந்த வாதம் அமெரிக்காவில் பெரிய வியாபாரமாகவே நடக்கிறது. 1948இல் கலிபோர்னியாவில் தொடங்கிய இன்-என்-அவுட் நிறுவனம் உறைந்த கறியைத் தொடுவதே இல்லை. தன் கறிக்கூடத்திலிருந்து ஒரு நாள் வண்டிப் பயணத்துக்கு அப்பால் கடை திறக்கவும் மாட்டார்கள். 1969இல் ஒஹாயோவில் பிறந்த வெண்டிஸும் உறைய வைக்காத கறி என்பதையே விளம்பரமாக்கியது. மெக்டொனால்ட்ஸ் எதிர்த்திசையில் போனது. ஆயிரக்கணக்கான கடைகளிலும் ஒரே ருசி வேண்டும் என்பதற்காக உறைந்த கறி வில்லைகளுக்கு (பர்கருக்குள் வைக்க வட்டமாகத் தட்டிய கைமா) மாறியது. பிறகு 2018இல், கால் பவுண்டு, அதாவது சுமார் 113 கிராம் எடையுள்ள தடித்த வில்லையை மட்டும் அமெரிக்காவின் பெரும்பாலான கடைகளில் உறையாத கறிக்கு மாற்றியது. 45 கிராம் மெல்லிய வில்லை இன்னமும் உறைந்தே வருகிறது. (இந்தியாவில் 1996இல் கடை திறந்த நாளிலிருந்து அவர்கள் மாட்டுக்கறி விற்பதில்லை, எனவே இது நம் ஊர்க் கிளைகளின் கதை இல்லை.) ஒரே நிறுவனம் தடித்ததற்கு ஒரு முறையும் மெல்லியதற்கு வேறு முறையும் வைத்திருப்பது ஏன்? அதற்கான விடை கறிக்குள் இருக்கும் தண்ணீரில் இருக்கிறது.

கொழுப்பில்லாத கறியில் முக்கால் பங்கு தண்ணீர். அதில் உப்புகளும் புரதங்களும் கரைந்திருப்பதால் பூஜ்யம் டிகிரியில் உறையாது, மைனஸ் 1 டிகிரிக்குக் கீழே போன பிறகே உறையத் தொடங்கும். மைனஸ் 5 டிகிரிக்கு வருவதற்குள் பெரும்பகுதி பனிக்கட்டியாகிவிடும். இந்த நாலைந்து டிகிரி இடைவெளியைக் கறி எவ்வளவு நேரத்தில் கடக்கிறது என்பதே எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது.

மெதுவாகக் கடந்தால், பனி முதலில் தசைநார்களுக்கு வெளியே உருவாகும். வெளியில் உள்ள தண்ணீர் பனியாகப் போகப் போக, மிச்சமிருக்கும் நீரில் உப்பு அடர்த்தியாகும். அந்த அடர்த்தி, நாருக்குள் இருக்கும் தண்ணீரையும் வெளியே இழுக்கும். இழுத்த தண்ணீர் ஏற்கெனவே இருக்கும் பனித்துண்டுகளோடு ஒட்டிக்கொள்ள, அவை பெருத்து நாரைக் கிழிக்கும். கறியை எடுத்துக் கரைய விடும்போது, வெளியே போன தண்ணீர் முழுவதும் உள்ளே திரும்பாது. தட்டில் சிவப்பாகத் தேங்குகிறதே, அது இரத்தம் என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் அது கறி இழந்த சாறு. தண்ணீரோடு மயோகுளோபின் என்ற நிறமிப் புரதமும் சேர்ந்து வருவதால்தான் அந்தச் சிவப்பு.

வேகமாகக் கடந்தால், தண்ணீருக்கு இடம் பெயர நேரமே கிடைக்காது. இருந்த இடத்திலேயே, நாருக்குள்ளேயே, கணக்கில்லாத மிகச் சிறிய பனித்துகள்களாக நின்றுவிடும். சேதம் குறைவு. தொழிற்சாலைகளில் மைனஸ் 196 டிகிரியில் உள்ள திரவ நைட்ரஜனையோ கடுங்குளிர்க் காற்றையோ வீசி மெல்லிய வில்லையைச் சில நிமிடங்களில் உறைய வைப்பது இதற்காகத்தான். தடிமன் இரண்டு மடங்கானால் உறையும் நேரம் நான்கு மடங்கு வரை ஆகலாம். நாம் ஒரு கிலோ கறியைப் பாலித்தீன் பையோடு உருண்டையாக ஃப்ரீசரில் போட்டால், நடுப்பகுதி உறைய ஒரு நாள்கூட ஆகலாம். அதோடு கரண்ட் போய் வரும் ஊரில் ஒவ்வொரு முறையும் வெப்பம் ஏறி இறங்க, சின்னப் பனித்துகள்கள் கரைந்து பெரியவற்றோடு சேர்ந்துகொள்கின்றன. 'ஐஸ் கறி'க்கு வந்த கெட்ட பெயரில் பாதி இந்த ஃப்ரீசர்கள் சம்பாதித்துக் கொடுத்தது.

மீதிப் பாதிக்குக் காரணம், நாம் பெருமையாகச் சொல்லும் காலைக் கறிதான். இதை நம் பக்கத்தில் யாரும் பேசிக் கேட்டதில்லை, ஆனால் நம் பக்கத்தவர்களுக்குத்தான் இது மிகவும் தேவை. மாட்டின் உயிர் போனதும் தசை உடனே ஓய்ந்துவிடுவதில்லை. அதில் சேமித்திருக்கும் சர்க்கரை லாக்டிக் அமிலமாக மாறிக்கொண்டிருக்கும். அமிலம் கூடக் கூடக் குறையும் பி.எச். அளவு, உயிரோடு இருக்கும்போது 7ஐ ஒட்டி இருந்தது, 5.5 வரை இறங்கும். ஏ.டி.பி. என்ற எரிபொருள் தீர்ந்ததும் நார்கள் ஒன்றோடொன்று பூட்டிக்கொண்டு விறைக்கும். மாட்டுக்கு இது முடியப் பல மணி நேரம் ஆகும். விறைப்பு முடிவதற்குள், ஏ.டி.பி. மிச்சமிருக்கும்போதே கறியை ஃப்ரீசரில் போட்டால், அந்த எரிபொருள் அப்படியே பனிக்குள் சிறைப்படும். கரைக்கும்போது, நாருக்குள் இருந்து பனி கிழித்த நுண்ணிய பைகளிலிருந்து, தசையைச் சுருங்க வைக்கும் கால்சியம் ஒரே நேரத்தில் கொட்ட, நார்கள் மூர்க்கமாகச் சுருங்கும். சாறு ஏராளமாக வடிந்து, கறி ரப்பர் மாதிரி ஆகிவிடும். அதிகாலையில் அறுத்து ஏழு மணிக்கு வாங்கிய கறியை நேரே ஃப்ரீசருக்கு அனுப்புகிறவர்களுக்கு நடக்கக்கூடியது இதுதான்.

இந்தியா உலகுக்கு அனுப்பும் எருமைக்கறியைப் பாருங்கள். எலும்பு நீக்கி, உறைய வைத்துப் போகும் அந்தக் கறியை முதலில் 2 முதல் 4 டிகிரியில் ஒரு நாள் முழுக்க வைத்திருந்து, பி.எச். 6க்குக் கீழே இறங்கிவிட்டதா என்று பார்த்த பிறகே உறைய வைக்கிறார்கள். கோமாரி நோயின் வைரஸ் அந்த அமிலத்தில் தாங்காது என்பதற்காக வந்த விதி அது. கூடவே விறைப்பும் முடிந்துவிடுகிறது.

சரி, உறைந்த வில்லை சூடான தோசைக்கல்லில் விழுந்தால் என்ன ஆகிறது? கொஞ்சம் கணக்குப் போடலாம். 113 கிராம் வில்லையில் சுமார் 70 கிராம் தண்ணீர் இருக்கும். ஒரு கிராம் பனியை உருக்க மட்டும் 334 ஜூல் வெப்பம் வேண்டும், ஆக 23 கிலோஜூல். ஃப்ரிட்ஜில் 4 டிகிரியில் இருந்த அதே வில்லையை 71 டிகிரிக்குச் சூடாக்கவும் ஏறக்குறைய அதே அளவுதான் தேவை. ஆக, உறைந்த வில்லை இரண்டு மடங்கு வெப்பத்தைக் கேட்கிறது. அந்த வெப்பம் வெளியிலிருந்து உள்ளே ஊர்ந்து போக வேண்டும். தடித்த வில்லையில் நடுவில் பனி உருகி முடிவதற்குள் ஓரங்கள் வறண்டுவிடும். மேற்பரப்பில் தொடர்ந்து ஈரம் கசிவதால் கல்லின் சூடு ஆவியாக்குவதிலேயே செலவாகும். மணமும் பழுப்பு நிறமும் தருகிற மாற்றங்கள் 140 டிகிரியை ஒட்டித்தான் வேகம் எடுக்கும், ஈரம் இருக்கும்வரை மேற்பரப்பு 100 டிகிரியைத் தாண்டாது. மெல்லிய வில்லைக்கு இந்தத் தொல்லை குறைவு, ஓரிரு நிமிடங்களில் சூடு நடுவைத் தொட்டுவிடும். மெக்டொனால்ட்ஸ் தடித்ததை மட்டும் மாற்றியதன் பின்னால் உள்ள இயற்பியல் இதுதான். கல்லில் நசுக்கிச் செய்யும் பர்கருக்கும் உறையாத கறிதான் வேண்டும், பனியை நசுக்க முடியாது.

கைமாவில் இன்னொன்றும் கவனிக்க வேண்டும். பனி செய்யும் சேதத்தைவிடப் பெரிய சேதத்தை அரவை இயந்திரம் ஏற்கெனவே செய்து முடித்திருக்கிறது. முழுத்துண்டுக் கறிக்கு உறைவது செய்யும் கெடுதல் அளவுக்குக் கைமாவில் வித்தியாசம் தெரியாது. தமிழ்நாட்டில் 1958ஆம் ஆண்டுச் சட்டப்படி, 10 வயதைக் கடந்து உழைப்புக்கும் இனவிருத்திக்கும் உதவாத, அல்லது காயத்தாலோ தீராத நோயாலோ நிரந்தரமாக முடங்கிய மாடுகளையே அறுக்கலாம். வயதான மாட்டின் நார் முரடானது. பிரியாணியில் அதை நீண்ட நேர வேக்காடு இளக்குகிறது, பர்கரில் அரவை வெட்டிவிடுகிறது. கொழுப்பு மட்டும் குறைவாக இருக்கும். கடைக்காரரிடம் தனியாகக் கேட்டு, கறியில் ஐந்தில் ஒரு பங்கு கொழுப்பு வருமாறு சேர்த்து அரைத்தால்தான் பர்கர் வறளாது.

அரவைதான் ஆபத்தையும் கொண்டுவருகிறது. முழுத்துண்டில் கிருமி மேற்பரப்பில் மட்டும் இருக்கும், கொதிக்கும் மசாலாவில் முதலில் சாவதும் அதுதான். அரைத்தவுடன் மேற்பரப்பே உள்ளே போய்விடுகிறது. நம் உடம்பின் சூட்டை ஒட்டிய வெப்பத்தில் இ.கோலை பாக்டீரியா 20 நிமிடத்துக்கு ஒருமுறை இரட்டிப்பாகும். நான்கு மணி நேரத்தில் ஒன்று நாலாயிரத்தைத் தாண்டிவிடும். வேலூரில் அக்னி நட்சத்திரத்தில் 40 டிகிரியைத் தாண்டும் நாளில், காலையில் அரைத்த கைமா மதியம்வரை வெளியில் இருந்தால் அதைப் புதுக் கறி என்று அழைப்பதே தவறு. உறைய வைத்தால் கிருமி செத்துவிடும் என்ற எண்ணமும் தவறு. 1993இல் அமெரிக்காவின் ஜாக் இன் த பாக்ஸ் கடைகளில் நன்றாக வேகாத பர்கர்களிலிருந்து பரவிய இ.கோலையால் நான்கு குழந்தைகள் இறந்தார்கள், 700க்கு மேற்பட்டவர்கள் நோயுற்றார்கள். அந்தக் கறி வில்லைகள் உறைந்து வந்தவைதான். குளிர் கிருமியைத் தூங்க வைக்கிறது, அவ்வளவுதான்.

அப்புறம், வீட்டில் செய்கிறவர்களுக்கு. காலையில் வாங்கிய கறியைத் துண்டாகவே ஃப்ரிட்ஜில் ஓர் இரவு வையுங்கள். மறுநாள், சுத்தமாகக் கழுவிய இயந்திரத்தில் கண்ணெதிரே அரைத்து, உடனே சமைத்துவிடுங்கள். மிச்சத்தை ஒரு சென்டிமீட்டர் தடிமனுக்குத் தட்டி, தட்டில் ஒன்றோடொன்று ஒட்டாமல் பரப்பி உறைய வையுங்கள், உறைந்த பிறகு பையில் அடுக்கலாம். உப்பைக் கல்லில் போடும்போது சேர்த்தால் போதும். முன்பே கலந்தால் கறி இறுகும், ஃப்ரீசரில் கொழுப்பும் சீக்கிரம் கெட்டுச் சிக்கு வாடை அடிக்கும். மெல்லிய வில்லையை அப்படியே கல்லில் போடலாம். தடித்ததை முந்தின இரவே ஃப்ரிட்ஜுக்கு மாற்றிக் கரைய விடுங்கள், சமையல் மேடையில் வேண்டாம். வெந்துவிட்டதா என்று நிறத்தைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். காற்றுப் பட்டு நிறமி ஏற்கெனவே மாறத் தொடங்கிய கைமா, 55 டிகிரியிலேயே உள்ளே பழுப்பாகிவிடும். கறியில் குத்திப் பார்க்கும் வெப்பமானியைப் பக்கவாட்டில் நடுவரை செருகுங்கள், 71 டிகிரி காட்ட வேண்டும்.