எஃப்.பி.ஜி.: சாளை மினுக்கமும் ரப்பர் ஆசிட்டும் ஒளிந்திருக்கும் ஒரு பெயர்

நாகர்கோவிலில் உயிர்த்தொழில்நுட்பம் படிக்கிற அக்கா மகள் போன வாரம் ஒரு சொல்லைத் தாளில் எழுதிக்கொண்டு வந்தாள்: ‘ஃபார்மமிடோபிரிமிடின் டி.என்.ஏ. கிளைக்கோசைலேஸ்’. கல்லூரியில் அதைப் பற்றித் தமிழில் ஐந்து நிமிடம் பேச வேண்டுமாம். “மாமா, இதுக்கு நல்ல தமிழ்ல ஒரு வார்த்தை சொல்லுங்க.”

“முதல்ல ஒரே மூச்சுல சொல்லிக் காட்டு மக்ளே, பிறகு பாப்போம்.”

இரண்டு முறை தடுக்கி, மூன்றாவது முறை சொல்லிவிட்டாள். ஆய்வகத்தில் இந்த வித்தையெல்லாம் கிடையாது, எஃப்.பி.ஜி. என்று மூன்றெழுத்தோடு முடித்துக்கொள்வார்கள். ஈ.கோலை பாக்டீரியாவிடமிருந்து கிடைத்த நொதி அது. டி.என்.ஏ.வின் எழுத்துகளுக்குக் காரங்கள் என்று பெயர். ஆக்சிஜனேற்றத்தால் கெட்டுப்போன காரங்களை டி.என்.ஏ. இழையில் தேடிப் பிடித்துப் பிடுங்கி எறிவது அதன் வேலை.

பெயரை வாலிலிருந்து அவிழ்ப்போம். ‘ஏஸ்’ என்ற விகுதி, 1833இல் பிரான்சில் பெயரிடப்பட்ட டயாஸ்டேஸ் என்ற நொதியிலிருந்து வந்து, பிறகு பெரும்பாலான நொதிகளுக்கு ஒட்டிக்கொண்டது. ‘கிளைக்கோ’ கிரேக்கத்தில் இனிப்பு. டி.என்.ஏ.வில் ஒவ்வொரு காரமும் ஒரு சர்க்கரையோடு பிணைந்திருக்கிறது. அந்தப் பிணைப்பை அறுப்பது கிளைக்கோசைலேஸ்.

என்சைம் என்ற பொதுப்பெயரை 1870களில் வில்ஹெல்ம் கியூன என்ற ஜெர்மானியர் உருவாக்கினார். கிரேக்கத்தில் ‘புளிப்பேற்றும் மாவுக்குள் இருப்பது’ என்று பொருள். நாம் நொதி என்கிறோம்; நொதித்தல் என்றால் புளித்துப் பொங்குதல். இலங்கைத் தமிழர் நொதியம் என்பார்கள். பனையேறிகள் இருக்கும் எங்கள் ஊர்ப்பக்கம் இதற்கு விளக்கமே தேவையில்லை. கலயத்தில் சுண்ணாம்பு தடவினால் அக்கானி, அதாவது பதநீர். தடவாமல் விட்டால் நுரைத்துக் கள்ளாகிவிடும். அந்த நுரைக்குக் காரணம் ஈஸ்டுக்குள் இருக்கும் நொதிகள்தாம். கிரேக்கர் மாவில் பார்த்ததை நம்மவர்கள் கலயத்தில் பார்த்திருக்கிறார்கள். இவ்வளவு பொருந்துகிற கலைச்சொல் அபூர்வம்.

அடுத்து ஃபார்மமிடோ. ‘ஃபார்மிக்கா’ லத்தீனில் எறும்பு. எறும்பைக் காய்ச்சி வடித்து எடுத்ததால் ஃபார்மிக் அமிலம் என்று பெயர். குலசேகரம், அருமனைப் பக்கம் ரப்பர் பாலை உறையவைத்து ஷீட் அடிக்கிறவர்கள் தட்டில் ஊற்றும் ஆசிட் அதுதான். அந்த அமிலத்தின் ஒரு துண்டு நைட்ரஜனோடு சேர்ந்து ஒரு வளையத்தில் தொங்கினால் ஃபார்மமிடோ. அந்த வளையத்தின் பெயர் பிரிமிடின். சரி, பிரிமிடினில் எறும்புத்துண்டு எப்படி வந்து தொங்கியது? குவானின் என்ற காரத்தில் இரண்டு வளையங்கள் ஒட்டியிருக்கும். அடிபட்டுச் சின்ன வளையம் திறந்துகொண்டால், மிஞ்சுவது பெரிய வளையமும் தொங்கும் வாலும். ஆக, பெயரின் முன்பாதி உடைந்துபோன ஒரு குவானினின் அங்க அடையாளம்.

குவானின் கதை இதைவிட ருசியானது. தென் அமெரிக்கக் கெச்சுவா மொழியில் ‘வானு’ என்றால் சாணம், எரு. ஸ்பானியர் வாயில் அது குவானோ ஆகி, கடற்பறவைகளின் எச்சத்துக்குப் பெயரானது. 1844இல் அந்த எச்சத்திலிருந்து பிரித்தெடுத்ததால் குவானின். தேரூர்க் குளத்தில் அடையும் பறவைகளைப் பார்க்கும்போது இனி உங்களுக்கும் டி.என்.ஏ. ஞாபகம் வரலாம். மீனிலும் அது உண்டு: சாளையின் உடம்பில் வெள்ளியாய் மினுங்குவது குவானின் படிகங்கள்.

இப்போது நொதிக்கு வருவோம். 1979இல் கிறிஸ்டோபர் செட்சங்காவும் தோமஸ் லிண்டாலும் இதை அறிவித்தார்கள். லிண்டாலுக்கு டி.என்.ஏ. பழுதுபார்ப்பு ஆய்வுக்காக 2015இல் வேதியியல் நோபல் பரிசும் கிடைத்தது. அவர்கள் கண்டபோது நொதி பிடுங்கியது வளையம் திறந்த குவானினை. அதையே பெயராக வைத்துவிட்டார்கள். பிறகுதான் தெரிந்தது, அதன் முக்கிய இரை ஆக்சிஜன் ஒட்டிக் கெட்ட குவானினான 8-ஆக்சோகுவானின் என்று. பிள்ளைக்கு முதல் நாள் வைத்த செல்லப்பெயர் ரேஷன் கார்டில் ஏறிவிட்டதைப் போல. இதற்கிடையில், கெட்டுப்போனால் பாக்டீரியாவில் சடுதிமாற்றம் பெருகுகிற ஒரு மரபணுவுக்கு வேறு சிலர் மியூட்-எம் என்று பெயர் வைத்திருந்தார்கள். இரண்டும் ஒன்றே என்று 1991இல் தெளிவாயிற்று.

நான்கு காரங்களில் மிக எளிதாக ஆக்சிஜனுக்கு இரையாவது குவானின். மணவாளக்குறிச்சி மணலில் தோரியம் இருப்பதால் எங்கள் மாவட்டத்தில் கதிர்வீச்சு என்றதும் காது நிமிரும். கதிர்வீச்சு தண்ணீரைப் பிளக்கும்போது பிறக்கும் ஹைட்ராக்சில் துண்டு குவானினைத் தாக்கும் என்பது உண்மை. ஆனால் அதற்கு மணல் வேண்டியதில்லை. மூச்சுவிட்டுச் சோறு தின்கிற எல்லா உயிரணுக்களிலும் அன்றாடம் இது நடக்கிறது. கெட்ட குவானின், சைட்டோசினோடு சேர வேண்டிய இடத்தில் அடினினோடு ஜோடி சேர்ந்துவிடும். அடுத்தடுத்த நகலில் ‘ஜி’ (குவானின்) இருந்த இடத்தில் ‘டி’ (தைமின்) உட்கார்ந்துவிடும். எழுத்துப்பிழை நிரந்தரமாகிவிடும்.

எஃப்.பி.ஜி. அந்தக் காரத்தைப் பிடுங்குவதோடு நிற்பதில்லை. வெறுமையான இடத்தின் இருபுறமும் இழையை வெட்டி ஓர் இடைவெளி விடுகிறது. உயிரணுவுக்குள் வேறு நொதிகள் வந்து அதை நிரப்பி ஒட்டிவிடும். ஆய்வகத்தில் நிரப்ப ஆளில்லை. அந்த வெட்டுதான் நமக்கு வேண்டியது. கண்ணுக்குத் தெரியாத சேதம் அளக்கக்கூடிய முறிவாகிறது. உயிரணுக்களை ஜெல்லில் பதித்து, சவ்வைக் கரைத்து, நொதியை விட்டு 37 டிகிரியில் வைத்து, பிறகு மின்சாரம் பாய்ச்சினால், முறிந்த டி.என்.ஏ. வால் போல் இழுபடும். நொதி விட்டதன் வாலிலிருந்து விடாததன் வாலைக் கழித்தால் ஆக்சிஜன் செய்த சேதம் வந்துவிடும். இதற்கு வால்மீன் சோதனை என்று பெயர். குளச்சல் துறையில் போய் வால்மீன் என்றால் ‘கிலோ என்ன விலை’ என்று கேட்பார்கள். வால்வெள்ளிச் சோதனை என்பதே எனக்குப் பிடித்தது.

இனித் தமிழ்ப் பெயர். அக்கா மகள் ‘துருக்கார நீக்கி’ என்றாள். உப்புக்காற்று ஜன்னல் கம்பியைத் தின்னும் ஊரில் பிறந்தவளுக்குத் துருதானே முதலில் தோன்றும்? களியக்காவிளை தாண்டினால் மலையாளத்தில் அதே துரு துரும்பு ஆகிவிடும், அது வேறு கதை. பேச்சுக்கு நல்ல உவமை, கலைச்சொல்லுக்கு ஆகாது. துரு இரும்புக்கு உரியது. தவிர, காரம் என்றால் வீட்டில் மிளகாய்.

என் பரிந்துரை: ‘ஆக்சோகுவானின் களைநொதி’. வயலில் களை பறிப்பதும், சமையலுக்கு முன் அரிசி களைவதும் இந்தக் களைதான்: பயிரை விட்டுவிட்டு வேண்டாததை மட்டும் எடுப்பது. கிளைக்கோசைலேஸ் வகை முழுவதற்கும் களைநொதி பொருந்தும். ‘சர்க்கரைப் பிணைப்பறு நொதி’ என்று சொல்லுக்குச் சொல் பெயர்க்கலாம். ஆனால் அதைக் கேட்பவர் நீரிழிவு மருந்து என்று நினைப்பார். குவானினைத் தமிழாக்க வேண்டாம். பறவை எச்சம் என்று பெயர்த்து யார் வாயில் வைப்பது?

அவள் எழுதிக்கொண்டு அடுக்களைக்குப் போனாள். அக்கா சாளை கழுவிக்கொண்டிருந்தாள். கொஞ்ச நேரத்தில் உள்ளங்கையில் ஒட்டிய மினுக்கத்தோடு திரும்பி வந்து கையை நீட்டினாள்: “மாமா, இதா குவானின்?”