பூவும் நாரும்: வி.டி.ஆர்.எல். சோதனை ஏமாறும் விதம்

கர்ப்பிணிகளுக்கு எடுக்கும் ரத்தச் சோதனைகளில், சிஃபிலிஸ் என்ற பால்வினை நோயைத் தேடும் வி.டி.ஆர்.எல். என்று ஒரு வரி இருக்கும். ‘நான்-ரியாக்டிவ்’, அதாவது நோய்க்கு அடையாளம் இல்லை, என்று வந்துவிட்டால் அதை யாரும் இரண்டாம் முறை பார்ப்பதில்லை. ஆனால் மதுரை பெரியாஸ்பத்திரி ஏ.ஆர்.டி. மையத்துக்கு எச்.ஐ.வி. மாத்திரை வாங்க வரும் ஒருவருக்கு உள்ளங்கையிலும் உள்ளங்காலிலும் அரிப்பில்லாத செந்தடிப்புகள் இருந்து, சீட்டிலும் அதே ‘நான்-ரியாக்டிவ்’ இருந்தால், விவரம் தெரிந்த மருத்துவர் அதை அப்படியே நம்பமாட்டார். ரத்தத்தை நீர்த்து மறுபடி பார்க்கச் சொல்வார்.

நீர்த்தால் இருப்பதும் குறைந்துதானே போகும்? ஆமாம், குறையத்தான் வேண்டும்.

சிஃபிலிஸுக்குப் பெயர்கள் பல. மேகப்புண், பறங்கிப்புண் என்பவை நம் பக்கத்துப் பழைய பெயர்கள். நாம் பறங்கியர்மேல் பழி போட்டோம். இத்தாலிக்காரர்கள் அதை பிரெஞ்சு நோய் என்றார்கள், பிரெஞ்சுக்காரர்கள் நேப்பிள்ஸ் நோய் என்றார்கள். நாட்டு மருந்துக் கடைகளில் இன்றும் கிடைக்கும் பறங்கிப்பட்டை இந்த நோய்க்குக் கொடுத்த மருந்துதான். பெயரிலேயே ஊர்ச் சண்டை.

நோயின் கிருமியை 1905இல் ஜெர்மனியில் ஷௌடினும் ஹாஃப்மனும் கண்டார்கள். திருகுசுருளாக இருக்கும், படு மெல்லிசு. சாதாரண நுண்ணோக்கியில் தெரியாது. மற்ற கிருமிகளைப் போலத் தட்டில் வளர்க்கவும் முடியாது. அதனால் மறு வருடமே வாஸர்மன் குழு வேறு வழியில் போனது: கிருமிக்கு எதிராக உடல் உண்டாக்கும் எதிர்ப்பொருளை ரத்தத்தில் தேடுவது. அதற்குத் தூண்டிலாக, சிஃபிலிஸோடு பிறந்து இறந்த சிசுக்களின் ஈரல் சாற்றைப் பயன்படுத்தினார்கள். பிறகுதான் வேடிக்கை தெரிந்தது. நோயே இல்லாத உறுப்பின் சாறும் அதே வேலையைச் செய்தது! 1941இல் மேரி பாங்பார்ன் மாட்டு இதயத்திலிருந்து அந்தப் பொருளைப் பிரித்தெடுத்தார். கார்டியோலிபின் என்ற கொழுப்பு அது. இன்றைய வி.டி.ஆர்.எல்., அதே வகையைச் சேர்ந்த ஆர்.பி.ஆர். சோதனை, இரண்டிலும் தூண்டில் அதுதான்.

ஆக, இந்தச் சோதனை கிருமியைப் பார்ப்பதே இல்லை. கிருமி வந்த கலவரத்தில் உடல் போடும் கூச்சலை மட்டும் கேட்கிறது. லூப்பஸ் (உடலின் எதிர்ப்புச் சக்தி உடலையே தாக்கும் நோய்), மலேரியா, தொழுநோய், ஏன் சிலருக்குக் கர்ப்பம்கூட, அதே மாதிரிக் கூச்சலைக் கிளப்பிவிடலாம். அதனால்தான் ரியாக்டிவ் என்று வந்ததும் டி.பி.எச்.ஏ. போல, கிருமிக்கே உரிய எதிர்ப்பொருளைத் தேடும் இரண்டாவது சோதனையை எடுக்கிறார்கள்.

சரி, நீர்க்கும் விஷயம். மாட்டுத்தாவணிப் பூ மார்க்கெட்டில் வாங்கிய மல்லிகையைக் கட்டுவதாக வைத்துக்கொள்வோம். பூ, கார்டியோலிபின் துகள்; நார், எதிர்ப்பொருள். எதிர்ப்பொருளுக்குக் கைகள் இரண்டு. ஒரு கை ஒரு துகளையும் மறு கை அடுத்த துகளையும் பிடித்தால் சரம் சேரும், ஆர்.பி.ஆர். அட்டையில் துகளோடு கலந்திருக்கும் கரித்தூள் திட்டுத்திட்டாகத் திரண்டு வெறுங்கண்ணுக்கே தெரியும். நாரே இல்லையென்றால் பூ உதிரியாகக் கிடக்கும். நார் அளவுக்கு மிஞ்சிப்போனால்? ஒவ்வொரு பூவையும் ஏகப்பட்ட நார்கள் சூழ்ந்துகொள்ளும். ஒவ்வொன்றும் கிடைத்த பூவை ஒரு கையால் பிடித்துக்கொள்ள, மறு கைக்குப் பிடிக்க இடமே மிஞ்சாது. அப்போதும் பூ உதிரிதான். அட்டை வழவழவென்று, நோயில்லாதவர் அட்டை போலவே இருக்கும். இதற்கு ப்ரோஸோன் என்று பெயர். ரத்தத்தின் தெளிந்த நீரான சீரத்தை 1:8, 1:16, 1:32 என்று, அதாவது எட்டு மடங்கு, பதினாறு மடங்கு, முப்பத்திரண்டு மடங்காக, நீர்த்துக்கொண்டே போனால் ஒரு கட்டத்தில் நார் அளவுக்கு வந்து சரம் சேர்ந்துவிடும்.

எச்.ஐ.வி. உள்ளவர்களிடம் இது கொஞ்சம் கூடுதலாக நடக்கிறது. அந்த வைரஸ் எதிர்ப்பொருள் தயாரிக்கும் பி செல்களைக் காரணமில்லாமல் முடுக்கிவிடுகிறது. அதனால் அளவு எக்கச்சக்கமாக ஏறலாம். சிஃபிலிஸ் இல்லாமலே லேசாக ரியாக்டிவ் என்றும் வரலாம். இதற்கு நேர்மாறாகவும் நடக்கும். பி செல்களுக்கு உத்தரவு கொடுக்கும் சி.டி.4 செல்களை அதே வைரஸ் அழிக்கிறது. அவை ரொம்பக் குறைந்துபோனவரிடம் எதிர்ப்பொருள் தாமதமாக வரலாம், அபூர்வமாக வராமலும் போகலாம். 1980களின் பிற்பாதியில் இப்படிச் சில நோயாளிகள் மருத்துவ இதழ்களில் பதிவானார்கள்: உடல் முழுக்க இரண்டாம் கட்ட சிஃபிலிஸின் தடிப்பு, ரத்தத்தில் ஒன்றும் இல்லை. தோலில் ஒரு துணுக்கை வெட்டிச் சாயமேற்றிப் பார்த்தபோதுதான் கிருமி அகப்பட்டது.

இந்தக் கதைகளைக் கேட்டு, எச்.ஐ.வி. இருந்தால் சோதனையே வீண் என்று நினைத்துவிடக் கூடாது. அவர்களிலும் மிகப் பெரும்பாலோருக்கு இந்தச் சோதனைகள் மற்றவர்களுக்குப் போலவே சரியாக வேலை செய்கின்றன. அபூர்வத்தைக் காட்டிப் பயமுறுத்துவது எனக்கு உடன்பாடில்லை. புண்ணோ தடிப்போ கண்ணெதிரே இருக்கும்போது சீட்டை மட்டும் பார்க்கக் கூடாது, அவ்வளவுதான்.

பென்சிலின் போட்ட பிறகு இன்னொரு குழப்பம் வரும். ஆரம்பக் கட்டம் என்றால் பென்சதீன் பென்சிலின் 24 லட்சம் யூனிட், ஒரே தடவை போதும். டி.பி.எச்.ஏ. பெரும்பாலோருக்கு ஆயுளுக்கும் பாசிட்டிவாகவே நிற்கும்; அதை வைத்துக் குணம் பார்க்க முடியாது. இறங்க வேண்டியது வி.டி.ஆர்.எல். எண், அதாவது எத்தனை மடங்கு வரை நீர்த்தும் ரியாக்டிவ் வருகிறது என்ற கணக்கு. 1:32 இருந்தது 1:8 ஆனால், அதாவது இரண்டு படி இறங்கினால், மருந்து கேட்டது என்று அர்த்தம். 1:8இலிருந்து 1:4 என்று ஒரு படி மாறுவதைக் கணக்கில் எடுப்பதில்லை. அது கைவாக்கில் வரும் வித்தியாசம். எச்.ஐ.வி. உள்ளவர்களுக்கு 3, 6, 9, 12, 24ஆம் மாதங்களில் பார்ப்பது வழக்கம். அவர்களில் சிலருக்கு எண் மெதுவாக இறங்கும். சிலருக்கு 1:2இல் வந்து வருடக்கணக்கில் அங்கேயே உட்கார்ந்துவிடும். அது மட்டுமே நோய் போகவில்லை என்பதற்கு அடையாளம் ஆகாது. திடீரென்று 1:8க்கு ஏறினால்தான் புதுத் தொற்றா, மருந்து கேட்கவில்லையா என்று தேட வேண்டும்.

இந்தக் கணக்கு நடக்க வேண்டுமென்றால் ஒவ்வொரு முறையும் ஒரே சோதனை, முடிந்தால் ஒரே லேப். வி.டி.ஆர்.எல்.லை விட ஆர்.பி.ஆர். எண் பெரும்பாலும் சற்றுக் கூடுதலாகக் காட்டும். போன தடவை கோரிப்பாளையத்தில் ஒன்று, இந்தத் தடவை திருமங்கலத்தில் வீட்டுப் பக்கத்திலேயே இன்னொன்று என்று எடுத்துவிட்டு, இரண்டு சீட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து மருத்துவரிடம் நீட்டினால், அவரும்தான் என்ன செய்வார்?