பூச்சுக்குள் புதைத்த ஜொயின்ற்

வீடு கட்டுகிறவர்கள், திருத்துகிறவர்கள் கொஞ்சம் பொறுமையாக வாசியுங்கள். மேசன்மாரும் வாசித்தால் நல்லது. வயர் ஜொயின்ற்றை, அதாவது ஒட்டை, சுவருக்குள் வைத்து மேலே பூசி மறைப்பதைப் பற்றித்தான் சொல்கிறேன்.

போன கிழமையும் ஒரு சுவரை உடைத்தோம். கோண்டாவில் பக்கம் ஒரு குசினி. கேத்தில் போட்டால் சுவரில் ஓரிடம் சுடுகிறது, கருகிய மணமும் வருகிறது என்று கூப்பிட்டிருந்தார்கள். பிளக் பொயின்றில் ஒரு பழுதும் இல்லை. அதற்கு ஒரு முழம் மேலே பெயின்ற் மஞ்சளித்திருந்தது. உடைத்தால் பெட்டியும் இல்லை, வயர் போகிற குழாயும் இல்லை. 7/0.67 வயரை (0.67 மில்லிமீற்றர் கம்பி ஏழு சேர்ந்தது) கையால் முறுக்கி, கறுத்த ரேப் சுற்றி, மேலே சீமெந்து பூசியிருந்தார்கள். ரேப்பின் பசை உருகி வழிந்து, செப்புக் கம்பி கறுத்துப்போய்க் கிடந்தது. பொயின்றைத் தள்ளி வைத்தபோது வயர் எட்டவில்லையாம். புது வயர் இழுக்கப் பஞ்சி, ஒட்டுப் போட்டாயிற்று.

இது ஒரு வீட்டுக் கதை என்றால் எழுதியிருக்க மாட்டேன். நல்லூர்க் கொடியேற்றத்துக்கு முன் வெளிநாட்டில் இருந்து ஆட்கள் வந்துவிடுவார்கள், அதற்குள் பெயின்ற் அடித்து முடிக்க வேண்டும் என்று ஓடுகிற வேலைகளில் இதுதான் நடக்கிறது.

கேட்டால் எல்லோரும் ஒரே பதில்தான்: "ட்ரிப் சுவிட்ச் இருக்குத்தானே தம்பி, பிழையெண்டால் அது விழும்."

விழாது. இதை எத்தனை தரம் சொல்வது? ட்ரிப் சுவிட்ச் பார்ப்பது ஒன்றே ஒன்று: லைனில் போன கரண்ட் முழுதும் நியூட்ரலில் திரும்பி வந்ததா? 30 மில்லி அம்பியர் அளவு வேறு வழியால் கசிந்தால் அது விழும். இளகிய ஜொயின்ற்றில் ஒன்றும் கசிவதில்லை. போனதெல்லாம் ஒழுங்காகத் திரும்பி வருகிறது, போகிற வழியில் அந்த ஒட்டைச் சூடாக்கிக்கொண்டு. சரி, மெயின் போர்ட்டில் இருக்கிற எம்.சி.பி. பிரேக்கர் விழாதா? அதுவும் விழாது. அது அளவுக்கு மிஞ்சிய கரண்ட்டுக்குத்தான். 2000 வாற் கேத்தில் ஒன்று 230 வோல்ற்றில் இழுப்பது எட்டரை அம்பியர் மட்டில். 20 அம்பியர் எம்.சி.பி.க்கு அது ஒரு பொருட்டே இல்லை. ஆனால் ஒட்டில் அரை ஓம் தடை இருந்தால் அந்த ஒரே புள்ளியில் 36 வாற் வெப்பம். ரேடியோ திருத்துகிறவரின் சோல்டரிங் அயனைச் சுவருக்குள் சொருகிப் பூசிவிட்டதற்குச் சமம். சூடாகி ஆறி, சூடாகி ஆறி, ஒட்டு இன்னும் இளகும், தடை இன்னும் கூடும். மெயின் போர்ட்டுக்கு எல்லாம் சரியாகவே தெரியும். ட்ரிப் சுவிட்ச் வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. உயிரைக் காக்க அது கட்டாயம் வேண்டும். அதன் வேலை வேறு, அவ்வளவுதான்.

சீமெந்துக் கல் எரியாது என்பார்கள். கல் எரியாது. வயரின் பிவிசி எரியும், பக்கத்துப் பான்ட்ரி கபட்டின் பலகை எரியும்.

வயரிங்குக்கு நாங்கள் பின்பற்றுவது பி.எஸ். 7671 என்கிற பிரித்தானிய தரவிதி. அதன் 526.3 ஆவது விதிப்படி ஒவ்வொரு இணைப்பும் பார்க்கவும் சோதிக்கவும் திருத்தவும் கைக்கு எட்ட வேண்டும். விலக்குகள் கொஞ்சம் உண்டு: உரிய கருவியால் அழுத்தியோ, ஈயம் வைத்தோ, வெல்ட் பண்ணியோ செய்தவை, கொம்பவுண்ட் நிரப்பி அடைத்தவை, பராமரிப்புத் தேவையில்லை என்று பி.எஸ். 5733 இன்படி எம்.எஃப். குறியோடு வருகிற பெட்டிகள். அந்தப் பெட்டியையும் தயாரித்தவர் சொன்னபடி பூட்டினால்தான் விலக்கு. குறட்டால் நசித்தது அழுத்திய இணைப்பு ஆகாது. (அதைச் செய்கிறவர்களுக்கு நான் யாரைச் சொல்கிறேன் என்று தெரியும்.) முறுக்கி ரேப் சுற்றுவது எந்த விலக்கிலும் இல்லை.

உண்மையில் இந்த விலக்குகளுக்கே போகத் தேவையில்லை. பொயின்றில் இருந்து பொயின்றுக்கு முழு வயராக இழுங்கள். சில மீற்றர் வயரின் விலை, பின்னால் ரைல்ஸ் உடைக்கிற கூலிக்குக் கிட்டவும் வராது. ஒட்டியே ஆகவேண்டும் என்றால் சுவரில் ஒரு சங்க் பொக்ஸ் (சுவருக்குள் பதிக்கிற பெட்டி), உள்ளே வயரின் அளவுக்கு ஏற்ற கனெக்டர், மேலே வெறும் பிளேட். எர்த் வயரையும் அதே ஒழுங்கில் சேர்க்க வேண்டும். குழாய்க்குள் ஒட்டு வரவே கூடாது.

"பெட்டி தெரிஞ்சால் சுவர் வடிவில்லை" என்கிற அன்ரிமாருக்கு ஒரு கெஞ்சல். சுவரின் நிறத்தையே பிளேட்டுக்கும் அடிக்கலாம், கபட்டின் உள்பக்கம் திறந்து பார்க்கக்கூடிய இடத்தில் வைக்கலாம். ஆனால் மேலே பூசச் சொல்லாதீர்கள், ரைல்ஸ் ஒட்டச் சொல்லாதீர்கள்.

பூச்சு அடிக்கமுன் ஒவ்வொரு சுவரையும் போனில் படம் எடுத்து வையுங்கள். வயர்மன் முகம் சுளித்தால் சுளிக்கட்டும்.

ஏற்கெனவே பூசிய வீடென்றால் கவனிக்க வேண்டியவை: மோட்டர் போட லைற் மங்குவது, சுவரில் சூடு, கருகிய மணம், காரணமில்லாமல் மஞ்சளிக்கும் பெயின்ற். அப்புறம், கார்த்திகை மழையில் சுவர் ஊறி ட்ரிப் சுவிட்ச் விழ விழ, அதுதான் பழுது என்று கழற்றி நேரடியாக வயர் கொடுப்பவர்கள் இருக்கிறார்கள். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள், செய்யவும் விடாதீர்கள். ஈரச் சுவருக்குள் எங்கேயோ கசிகிறது, அதனால்தான் விழுகிறது. மெயினை ஓஃப் பண்ணிவிட்டு, இன்சுலேசன் ரெஸ்ற்றர் (வயரின் உறையால் கரண்ட் கசிகிறதா என்று பார்க்கிற கருவி) வைத்திருக்கிற ஒருவரைக் கூப்பிடுங்கள். ரெஸ்ற்றர் இல்லாமல் ஸ்குரூ டிரைவரோடு மட்டும் வந்தால் தேத்தண்ணி கொடுத்து அனுப்பிவிடுங்கள்.