மைண்ட்ஃபுல்னெஸ்: தமிழில் எப்படிச் சொல்வது?

கைப்பேசிச் செயலி, யோகா வகுப்பு, அலுவலகப் பயிலரங்கு, மனநல மருத்துவரின் அறை என்று எங்கும் புழங்கும் சொல்லாகிவிட்டது மைண்ட்ஃபுல்னெஸ். போனதையும் வரப்போவதையும் பற்றிக்கொண்டு அலையாமல், இந்த நொடியில் நடப்பதை நல்லது கெட்டது என்று தீர்ப்பு எழுதாமல் கவனித்திருப்பது, அதனால் மனம் அமைதி கொள்வது என்பதே இன்றைய பொருள்.

இதைத் தமிழில் ‘மனநிறைவு’ என்று எழுதுகிறவர்கள் பெருகிவிட்டார்கள். மைண்ட் மனம், ஃபுல் நிறைவு, கூட்டினால் மனநிறைவு. கணக்கு சரி, விடைதான் தப்பு. மகளைக் கட்டிக்கொடுத்த தகப்பனுக்கு வருவது மனநிறைவு. முதுகுவலியோடு வந்தவரிடம் ‘தினமும் மனநிறைவுப் பயிற்சி செய்யுங்கள்’ என்றால், வலியோடு வலியாகத் திருப்திப்பட்டுக் கிடக்கச் சொல்கிறார்கள் என்றுதான் அவர் எடுத்துக்கொள்வார்.

ஆங்கிலத்தில் இச்சொல் பல நூற்றாண்டுகளாக இருந்துவந்தாலும், தியானத்தோடு அதை ஒட்டவைத்தவர் டி. டபிள்யூ. ரீஸ் டேவிட்ஸ். இலங்கையில் ஆங்கிலேய அரசு அதிகாரியாக இருந்தபோது, பழைய பௌத்த நூல்களின் மொழியான பாலியைக் கற்றவர். 1881இல் வெளிவந்த பௌத்த சுத்தங்களின், அதாவது புத்தரின் உரைகளின், மொழிபெயர்ப்பில் ‘சதி’ என்ற பாலிச் சொல்லுக்கு இணையாக இதை வைத்தார். அந்தச் ‘சதி’யை அப்படியே தமிழுக்குக் கடன் வாங்க வழியில்லை. நம்மிடம் ஏற்கெனவே உள்ள சதி சூழ்ச்சிக்காரர்களின் சொத்து. உடன்கட்டை ஏறுவதற்கும் அதே பெயர்.

பாலியின் சதி, வடமொழியில் ஸ்மிருதி. ‘நினை’ என்று பொருள்படும் வேரிலிருந்து வந்தது. அதாவது, இந்தக் கணத்தில் வாழச் சொல்வதாக உலகம் கொண்டாடும் சொல்லின் அடியில் இருப்பது ஞாபகம். மிலிந்த பஞ்ஹா என்ற பௌத்த நூலில் கிரேக்க அரசன் மிலிந்தன், சதி என்றால் என்ன என்று துறவி நாகசேனரிடம் கேட்கிறான். பேரரசன் ஒருவனின் பொக்கிஷதாரரை நாகசேனர் உவமை காட்டுகிறார். காலையும் மாலையும் அரசனிடம் வந்து, உங்களிடம் யானை இத்தனை, குதிரை இத்தனை, தேர் இத்தனை, பொன் இவ்வளவு என்று சொல்லி நினைவூட்டுவது அவர் வேலை. சதியும் அப்படித்தான், எது நல்லது, எது கெட்டது என்பதை மனத்துக்கு எடுத்துச் சொல்லிக்கொண்டே இருக்கும் என்கிறார். தீர்ப்பு எழுதாமல் கவனிப்பது என்ற இன்றைய விளக்கம் இதிலிருந்து எவ்வளவு தள்ளி வந்துவிட்டது, பாருங்கள்.

அதற்காக, நிகழ்காலம் பின்னால் ஒட்டவைத்தது என்று சொல்லிவிடவும் முடியாது. சதிபட்டான சுத்தத்தில் கடைசல்காரர் ஒருவர் வருகிறார். நீளமாக இழுக்கும்போது நீளமாக இழுக்கிறேன் என்றும், குட்டையாக இழுக்கும்போது குட்டையாக இழுக்கிறேன் என்றும் அவர் அறிவார். அதுபோல நெடுமூச்சு விடும் துறவி நெடுமூச்சு விடுவதையும், குறுமூச்சு விடுகிறவர் குறுமூச்சு விடுவதையும் அறிகிறார். கடைசல் வேலையில் கண் ஒரு நொடி பிசகினால் கட்டை வீண். உடல், உணர்ச்சி, மனம், தம்மம் (மனத்தில் எழும் பொருள்கள்) என நான்கு இடங்களில் இந்தக் காவலைப் பழகச் சொல்கிறது அந்தச் சுத்தம். இறந்தகாலத்தின் பின்னே ஓடாதே, எதிர்காலத்துக்கு ஏங்காதே என்று பத்தேகரத்த சுத்தமும் சொல்கிறது. ஆனால் அதே மூச்சில், செய்ய வேண்டியதை இன்றே செய், நாளைக்கே சாவு வருமோ யார் கண்டது என்றும் விரட்டுகிறது. சாய்வு நாற்காலி அமைதிக்கு அங்கே இடமில்லை.

மருத்துவத்துக்குள் இதைக் கொண்டுவந்தவர் அமெரிக்கரான ஜான் கபட்-ஜின். 1979இல் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக மருத்துவப் பள்ளியில், தீராத வலியோடு வந்தவர்களுக்காக ஒரு பயிற்சியைத் தொடங்கினார். ஒரே ஓர் உலர்திராட்சையைக் கையில் வைத்துப் பார்த்து, தடவி, முகர்ந்து, நாக்கில் உருட்டி, மெல்ல மென்று விழுங்குவது அதில் பேர்போன பாடம். வலி ஒன்று, ‘இது எப்போது தீரும், வேலை போய்விடுமோ’ என்று அதன்மேல் மனம் கட்டும் கதை வேறொன்று. இரண்டையும் பிரித்துப் பார்க்கப் பழகினால் வலி அப்படியே இருந்தாலும் அவதி குறைகிறது. அமைதி இந்த வழியாகத்தான் வருகிறது. 2010இல் வெளிவந்த ஆய்வுக்காக ஹார்வர்டு ஆய்வாளர்கள் இருவர் 2,250 பேரைக் கைப்பேசி வழியே எதிர்பாராத நேரங்களில் கேட்டுப் பார்த்தார்கள். கேட்ட தருணங்களில் ஏறத்தாழ 47 விழுக்காட்டில் மனம் செய்யும் வேலையில் இல்லை. அலையும் மனம் மகிழ்ச்சி குறைந்தும் இருந்தது. இதற்கு நம் வீடுகளில் பெயர் உண்டு: பராக்குப் பார்ப்பது.

சரி, தமிழில் என்ன? ‘விழிப்புணர்வு’ நல்ல சொல்தான். டெங்கு, தலைக்கவசம், வாக்களிப்பு என்று பேரணி போய்ப் போய் அது களைத்துவிட்டது. கேட்டதும் பதாகைதான் கண்ணில் தெரிகிறது. ‘கவனம்’ பக்கத்தில் வருகிறது, ஆனால் ஞாபகத்தின் சாயல் அதில் இல்லை. புத்தர் சொன்ன எண்வழியில் ஏழாவதாக வரும் சதியைத் தமிழில் ‘நற்கடைப்பிடி’ என்பார்கள். ‘கடைப்பிடி’க்கு மறவாமை என்ற பழம்பொருள் இருந்தாலும், இன்று விதிகளைக் கடைப்பிடிப்பதோடு அது நின்றுவிட்டது.

வள்ளுவர் ஓர் அதிகாரமே வைத்திருக்கிறார், பொச்சாவாமை. மகிழ்ச்சி மிதப்பில் வரும் மறதி பொச்சாப்பு. அதற்கு இடம் கொடாதது பொச்சாவாமை. ‘அரியவென்று ஆகாத இல்லைபொச் சாவாக் கருவியால் போற்றிச் செயின்’ என்ற குறளில் ‘பொச்சாவாக் கருவி’ என்பது மறவாத மனம். கவனம் தவறாமையைக் குறிக்கும் பௌத்தர்களின் ‘அப்பமாதம்’ என்ற சொல்லுக்கு இதைவிட நெருங்கிய உறவு கிடைக்காது. புத்தரின் கடைசி அறிவுரையில் வருவது அந்தச் சொல்தான். ஆய்வுக் கட்டுரைக்குப் பொச்சாவாமை பொருந்தும். மருத்துவர் அறையில் சொன்னால் நோயாளி திரும்பக் கேட்பார்.

என் ஓட்டு ‘நினைவோடிருத்தல்’ என்பதற்கு. மருத்துவமனை வாசலில் ‘நினைவோடு இருக்காரா?’ என்று கேட்கிறோம், ‘நினைவு திரும்பிடுச்சு’ என்று மூச்சு விடுகிறோம். அம்மாவின் நினைவு வந்தது என்பதும் அதே சொல். பழசை நினைப்பதும் இப்போது பிரக்ஞையோடு இருப்பதும் ஒரே சொல்லில் அடங்குவது சதிக்கும் நினைவுக்கும் உள்ள ஒற்றுமை. பால் பொங்கி வழியும்போது ‘நெனப்பு எங்க இருக்கு?’ என்று திட்டு விழுகிறதே, அங்கேயும் இதே பொருள்தான்.

வினையோடு சேர்த்தும் இயல்பாக வரும்: நினைவோடு மூச்சு விடுங்கள், நினைவோடு சாப்பிடுங்கள், நினைவோடு நடங்கள். பயிற்சியைக் குறிக்க ‘நினைவோடிருத்தல் பயிற்சி’ சற்று நீளமாகப் பட்டால், ‘நினைவுப் பயிற்சி’ என்று மட்டும் சுருக்க வேண்டாம். தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகளுக்கான வகுப்பு என்று நினைத்து ஆள் சேர்ந்துவிடுவார்கள்.