ஸ்கான் சுத்தமாக இருந்தாலும் சனிக்கிழமை ஆட்டம் வேண்டாம்

"ஸ்கான்ல ஒண்டும் இல்லையாம். சனிக்கிழமை மட்ச் இருக்கு, விடலாமா?" கனடாவின் ஒன்ராறியோவில் இயன்மருத்துவராக (பிசியோதெரபிஸ்ட்) வேலை செய்யும் என்னிடம், ஐஸ் ஹொக்கியில் தலையில் அடிபட்ட பிள்ளைகளின் பெற்றோர் அடிக்கடி கேட்கும் கேள்வி இது. அக்கறை இல்லாமல் கேட்பதில்லை. விடியமுன் பிள்ளையை எழுப்பி, பனிக்குள் கார் ஓட்டி அரங்குக்குக் கூட்டிப்போகிறவர்கள் அவர்கள். ஆனாலும் என் பதில் "வேண்டாம்" என்பதுதான். ஏன் என்று விளக்க, ஹொக்கி வீரர் மார்க் சவார்ட்டின் கதையைத்தான் சொல்வேன்.

1977 இல் ஒட்டாவாவில் பிறந்தவர். கோல் அடிப்பதைவிட அடிக்க வைப்பதில் கெட்டிக்காரர். வட அமெரிக்காவின் பெரிய ஹொக்கி லீக்கான என்எச்எல்லில் 807 ஆட்டங்களில் 207 கோல், மற்றவர்கள் கோல் அடிக்கக் கொடுத்த அசிஸ்ட் 499. 2010 மார்ச் 7 அன்று பொஸ்ரன் புரூயின்ஸ் அணிக்காக பிட்ஸ்பேர்க்கில் ஆடிக்கொண்டிருந்தார். பக் என்ற ரப்பர் வட்டை கோலை நோக்கி அடித்துவிட்டு நிமிர்வதற்குள், அவர் பார்க்காத பக்கத்திலிருந்து வந்து மோதினார் எதிரணி வீரர் மற் குக். அடி தலையில் விழுந்தது. ஸ்ட்ரெச்சரில் தூக்கிப்போனார்கள். குக்குக்குத் தண்டனையும் இல்லை, தடையும் இல்லை. அன்றைய விதிப்படி அது குற்றமே அல்ல. அந்த அடி கிளப்பிய கோபமும் சேர்ந்துதான், பக்கவாட்டில் வந்து தலையைக் குறிவைத்து மோதுவதைத் தடைசெய்யும் 48ஆம் விதியைக் கொண்டுவந்தது.

நான் பெற்றோரைக் கவனிக்கச் சொல்வது இதற்குப் பிறகு நடந்ததை. இரண்டு மாதம்கூட ஆகவில்லை, மே 1 அன்று பிளேஓஃப் (பருவ முடிவில் கிண்ணத்துக்காக நடக்கும் தொடர்) ஆட்டத்தில் இறங்கினார். பிலடெல்பியாவுக்கு எதிராக மேலதிக நேரத்தில் வெற்றி கோலை அவரே அடித்தார். பார்த்தவர்கள் ஆள் முழுதாகத் தேறிவிட்டார் என்றே நினைத்திருப்பார்கள். ஆனால் அந்தக் கோடையில் களைப்பும் மனச்சோர்வும் அவரை விடவில்லை. டிசம்பரில்தான் திரும்பி வர முடிந்தது. 25 ஆட்டங்கள். 2011 ஜனவரி 22 அன்று டென்வரில் இன்னொரு மோதல், அதுவும் விதிக்கு உட்பட்டதுதான். அதோடு ஆட்ட வாழ்க்கை முடிந்தது. வயது 33.

ஒரு வெற்றி கோல் அடிக்க முடிந்ததால் மூளை ஆறிவிட்டது என்று ஆகாது. இதைத்தான் திரும்பத் திரும்பச் சொல்லவேண்டி இருக்கிறது.

ஹெல்மெட் மண்டையோடு உடையாமல் காக்கும். தலை சடாரெனத் திரும்பும்போது உள்ளே மூளை இழுபடுவதை அதனால் நிறுத்த முடியாது. ஸ்கான் எடுப்பது இரத்தக்கசிவும் எலும்பு முறிவும் இருக்கிறதா என்று பார்க்க. கன்கஷனில், அதாவது தலை அதிர்ந்து மூளை வேலை செய்வது குழம்பும்போது, பெரும்பாலும் படம் சுத்தமாகவே வரும். கோளாறு நரம்பணுக்கள் வேலை செய்யும் விதத்தில், அது படத்தில் விழாது. "சுகமாத்தான் இருக்கு" என்று சொல்லும் பிள்ளையிடம், என் கட்டைவிரலைப் பார்த்தபடியே தலையை இடமும் வலமும் வேகமாக ஆட்டச் சொல்வேன். கொஞ்ச நேரத்திலேயே கண்ணை இறுக்கி மூடுவான், கை கட்டிலின் விளிம்பைப் பிடிக்கும். பக்கத்தில் இருக்கும் அம்மாவுக்கு அதற்குமேல் விளக்கம் தேவைப்படாது.

பிள்ளைகள் மறைப்பார்கள். அணியில் இடம் போய்விடும் என்ற பயம். 2013 இல் ஒட்டாவாவில் 17 வயது ரோவன் ஸ்ட்ரிங்கர் பள்ளி ரக்பி ஆட்டத்தில் அடிபட்டு இறந்தாள். அதற்கு முந்திய நாட்களிலும் தலையில் அடிபட்டிருந்தது. கன்கஷனாக இருக்குமோ என்று சிநேகிதிகளுக்குக் குறுஞ்செய்தி அனுப்பியவள், பெரியவர்களிடம் சொல்லவில்லை. அவள் பெயரால் 2018 இல் ஒன்ராறியோவில் சட்டம் வந்தது. கன்கஷன் என்று சந்தேகம் வந்தாலே ஆட்டத்திலிருந்து எடுக்கவேண்டும். மருத்துவரோ நர்ஸ் பிராக்டிஷனரோ (கூடுதல் பயிற்சி பெற்ற தாதி) அனுமதிக்காமல் முழு ஆட்டத்துக்குத் திரும்ப முடியாது. நான் அந்த அனுமதியைத் தர முடியாது, என்னிடம் கேட்டுப் பயனில்லை.

சரி, எவ்வளவு நாள்? பெரும்பாலான பிள்ளைகள் நான்கு வாரத்துக்குள் தேறிவிடுவார்கள். முதல் ஒன்றிரண்டு நாள் ஓய்வு, ஃபோன் திரையைக் குறைப்பது. அதற்குப் பிறகு இருட்டறையில் படுத்துக்கிடக்கத் தேவையில்லை, மெதுவான நடை நல்லதுதான். பிறகு படிப்படியாக: சைக்கிள், தனியே ஸ்கேட்டிங், மோதல் இல்லாத பயிற்சி, முழுப் பயிற்சி, கடைசியில் ஆட்டம். ஒவ்வொரு படிக்கும் குறைந்தது 24 மணி நேரம். பாடசாலைக்கு முழுநாளும் போய்வர முடியாதவன் ஆட்டத்துக்குப் போகக்கூடாது. தலையிடி கூடிக்கொண்டே போனாலோ, திரும்பத் திரும்ப வாந்தி, வலிப்பு, கை கால் விறைப்பு, பேச்சுக் குழறல் இருந்தாலோ எனக்கு அழைக்க வேண்டாம், அவசர எண் 911 அழையுங்கள்.

சில பிள்ளைகளிடம் மட்டும் "இனி மோதல் ஆட்டம் வேண்டாம்" என்று மருத்துவர் சொல்லிவிடுவார். அந்த வீடுகளில் நான் சவார்ட்டின் இரண்டாம் பாதியைச் சொல்வேன். இருட்டறை, பதற்றம், மனச்சோர்வு எல்லாவற்றையும் பிறகு அவரே வெளிப்படையாகப் பேசினார். 2011 இல் பொஸ்ரன் என்எச்எல்லின் ஸ்ரான்லி கிண்ணம் வென்றபோது, ஆட்ட எண்ணிக்கை போதாதிருந்தும் அணி கேட்டுக்கொண்டதால் கிண்ணத்தில் அவர் பெயரும் பொறிக்கப்பட்டது. 2018 இல்தான் ஓய்வை அறிவித்தார். அடுத்த ஆண்டே என்எச்எல் அணியான செயின்ட் லூயிஸ் புளூஸில் உதவிப் பயிற்சியாளர். 2021 இல் விண்ட்சர் ஸ்பிட்ஃபயர்ஸின் தலைமைப் பயிற்சியாளராகி, முதல் பருவத்திலேயே அந்த இளைஞர் அணியை இறுதிப் போட்டித் தொடரின் ஏழாவது ஆட்டம் வரை கொண்டுபோனார். பிறகு என்எச்எல்லில் கல்கரி, 2024 இல் ரொறன்ரோ மேப்பிள் லீஃப்ஸ், இரண்டிலும் உதவிப் பயிற்சியாளராக. மோதலுக்கு முன் அவரிடம் இருந்த ஆட்ட அறிவுதான் அங்கே அவருக்குக் கைகொடுத்தது.

அதனால் விளையாட முடியாத பிள்ளையை அணியிலிருந்தே பிரித்து வீட்டில் உட்கார வைக்காதீர்கள். வெளிச்சமும் சத்தமும் தாங்க முடிகிற நிலை வந்ததும் பயிற்சியாளரோடு பேசி, பெஞ்சுக்குப் பின்னால் நிற்கவும், ஆட்டக் காணொளி பார்த்துக் குறிப்பெடுக்கவும், சின்னப் பிள்ளைகளுக்கு ஸ்கேட்டிங் சொல்லிக்கொடுக்கவும் ஒரு வேலை கேட்டு வாங்குங்கள். நான் கேட்ட பயிற்சியாளர் யாரும் இதுவரை மறுத்ததில்லை.