இந்தோனேசியச் சிற்றூரில் நிலம்: சட்டம் யாருக்கு என்ன தருகிறது

ஜாவாவிலோ லொம்போக்கிலோ ஒரு சிற்றூரில் வயல் ஓரமாக நிலம் விற்பனைக்கு இருக்கிறது என்று கேள்விப்படுபவர் முதலில் விலையைத்தான் விசாரிக்கிறார். ஆனால் இந்தோனேசியச் சட்டம் முதலில் கேட்பது வாங்குபவர் எந்த நாட்டுக் குடிமகன் என்பதை. 1960 செப்டம்பர் 24இல் நடைமுறைக்கு வந்த அடிப்படை நிலச் சட்டம், டச்சுக்காரர் காலத்துச் சட்டமும் ஊர் வழக்கமும் இருவேறு தடங்களில் ஓடிக்கொண்டிருந்த நிலையை மாற்றி, நில உரிமைகளை ஒரே வரிசைக்குள் கொண்டுவந்தது. அந்த வரிசையின் உச்சியில் இருப்பது 'ஹக் மிலிக்' எனப்படும் முழு உடைமை உரிமை. அதற்குக் கால வரம்பு கிடையாது, வாரிசுகளுக்குச் செல்லும், வங்கியில் அடமானம் வைக்கலாம். தனிமனிதர்களில் இந்தோனேசியக் குடிமக்கள் மட்டுமே அதைப் பெற முடியும். சுமத்ரா தீவின் தெலி பகுதியில் இருந்த புகையிலைத் தோட்டங்களுக்குக் கூலிகளாகச் சென்றவர்களின் வழிவந்து, இன்று அந்நாட்டுக் குடிமக்களாக அங்குள்ள மேடான் நகரிலும் சுற்றுப்புறத்திலும் வாழும் தமிழர்களுக்கு இந்த உரிமை மற்றவர்களைப் போலவே உண்டு. வெளிநாட்டுக் கடவுச்சீட்டு வைத்திருப்பவருக்கு இல்லை.

இந்தத் தடையைத் தாண்ட, உள்ளூர் நண்பர் ஒருவர் பெயரில் நிலத்தை வாங்கிவிட்டு, தனியே ஓர் உடன்படிக்கை எழுதி வைத்துக்கொள்ளும் பினாமி வழக்கம் பரவலாக இருக்கிறது. சட்டத்தின் 26ஆம் பிரிவு இதற்கு இடமே வைக்கவில்லை. முழு உடைமையை நேரடியாகவோ சுற்றுவழியிலோ வெளிநாட்டவருக்குக் கொண்டு சேர்க்கும் நோக்கத்தோடு செய்யப்படும் விற்பனையும் தானமும் உயிலும் செல்லாது, நிலம் அரசைச் சேரும், கொடுத்த பணத்தைத் திரும்பக் கேட்க முடியாது. அந்த நண்பர் நல்லவராகவே இருந்தாலும், அவர் இறந்த பிறகு அவருடைய பிள்ளைகளுக்கு அந்த உடன்படிக்கையை மதிக்க வேண்டிய கட்டாயம் எதுவும் இல்லை. வாழ்நாள் சேமிப்பை இப்படிப்பட்ட ஏற்பாட்டில் போட வேண்டாம் என்றே சொல்வேன்.

வெளிநாட்டவருக்கு நேரான வழி இரண்டு. ஒன்று, 'ஹக் பாகாய்' என்னும் பயன்பாட்டு உரிமை. 2021ஆம் ஆண்டின் 18ஆம் எண் அரசு விதிப்படி, குடியிருப்பு அனுமதி உள்ளவர் 30 ஆண்டுகளுக்கு இதைப் பெறலாம். பின்னர் 20 ஆண்டு நீட்டிப்பும் 30 ஆண்டு புதுப்பிப்பும் கோரலாம். வீட்டுக்கான குறைந்தபட்ச விலை உள்ளிட்ட நிபந்தனைகள் இருப்பதால், சிற்றூரில் ஒரு சிறிய வீடு தேடுபவருக்கு இது பல நேரங்களில் எட்டாது. இரண்டாவது, எழுத்து மூலமான நீண்டகாலக் குத்தகை. இதில் புதுப்பிக்கும் உரிமையும், உடைமையாளர் நிலத்தை விற்றாலோ இறந்தாலோ குத்தகை தொடரும் என்பதும் பத்திரத்திலேயே தெளிவாக எழுதப்பட்டிருக்க வேண்டும்.

இந்தோனேசியக் குடிமகனையோ குடிமகளையோ மணந்தவர்கள் கவனிக்க வேண்டிய இடம் வேறு. மணவாழ்க்கையில் வாங்கும் சொத்து இருவருக்கும் பொதுவாகிவிடுவதால், குடியுரிமை உள்ள துணைவர் தம் பெயரில் வாங்கினாலும் வெளிநாட்டுத் துணைவரின் பங்கு அதில் கலந்துவிடுகிறது. அப்படிக் கலந்தால் ஓராண்டுக்குள் அந்த உரிமையை விட்டுக்கொடுக்க வேண்டும் என்கிறது சட்டம். சொத்தைப் பிரித்து வைக்கும் ஒப்பந்தத்தைத் திருமணத்துக்கு முன்போ திருமணத்தின் போதோதான் செய்யலாம் என்ற நிலை பல ஆண்டுகள் நீடித்தது. 2016 அக்டோபரில் அரசமைப்பு நீதிமன்றம் வழங்கிய தீர்ப்புக்குப் பிறகு, மணமான தம்பதியரும் அதைச் செய்துகொள்ளலாம். சொந்த நாட்டிலேயே சொந்த வீடு வாங்க முடியாமல் தவித்த பல பெண்களுக்கு இந்தத் தீர்ப்பு உண்மையான விடிவாக அமைந்தது. நிலம் வாங்கும் முன்பே இந்த ஒப்பந்தம் கையில் இருக்க வேண்டும்.

விளைநிலத்தைப் பொறுத்தவரை குடியுரிமை மட்டும் போதாது. நிலம் இருக்கும் 'கெசமத்தான்' எனப்படும் வட்டாரத்துக்கு வெளியே வாழ்பவர் அதை வைத்திருக்கக் கூடாது என்பது 1961இலிருந்து உள்ள விதி. அவர் ஆறு மாதத்துக்குள் அவ்வட்டாரத்தைச் சேர்ந்த ஒருவருக்கு நிலத்தை மாற்றிக் கொடுக்க வேண்டும், அல்லது தாமே அங்கு குடியேற வேண்டும். பக்கத்து வட்டாரத்தில் இருந்துகொண்டு உழவைக் கவனிப்பவருக்கும் அரசு ஊழியருக்கும் விலக்கு உண்டு. நகரத்துப் பணம் வயல்களை வாங்கிக் குவித்து, உழுபவனைக் கூலியாக்கிவிடக் கூடாது என்பதே இதன் நோக்கம். நடைமுறையில் இவ்விதி பல இடங்களில் மீறப்படுகிறது என்றாலும், நிலப் பதிவு அலுவலகத்தில் முகவரி சரிபார்க்கப்படும்போது இதே காரணத்தால் உரிமை மாற்றம் நின்றுபோகக்கூடும். அத்துடன், 2009ஆம் ஆண்டின் 41ஆம் எண் சட்டப்படி நிலையான உணவுப்பயிர் நிலமாக அறிவிக்கப்பட்ட வயலில் வீடு கட்டவும் முடியாது. வயலின் நடுவே வீடு கட்டும் கனவுள்ளவர் அந்த மாவட்டத்தின் நிலப் பயன்பாட்டு வரைபடத்தை முதலில் பார்க்க வேண்டும்.

இனி விற்பவரின் கையில் இருக்கும் தாள். சிற்றூர்களில் பல குடும்பங்கள் இன்றும் கிரிக், பெத்தோக், லெட்டர் சி என்ற பெயர்களில் பழைய வரிப் பதிவுகளை வைத்திருக்கின்றன. தாத்தா வரி கட்டினார் என்பதற்கு அவை சான்று. நிலம் யாருடையது என்பதற்கு முழுச் சான்று ஆகா. ஆண்டுதோறும் வரும் நிலவரி அறிவிப்பும் அப்படியே. 2021ஆம் ஆண்டின் 18ஆம் எண் விதி, வழக்காற்று நிலங்களுக்கான இத்தகைய பழைய ஆவணங்களை ஐந்து ஆண்டுக்குள், அதாவது 2026 பிப்ரவரி 2க்குள் பதிவுக்குக் கொண்டுவர வேண்டும் என்று கெடு வைத்தது. கெடு கடந்தால் நிலம் அரசுக்குப் போய்விடும் என்று ஊர்களில் எழுந்த அச்சத்துக்கு விதியில் ஆதாரம் இல்லை. அந்தத் தாள்கள் உரிமைச் சான்று என்ற தகுதியை இழந்து, பதிவு செய்யும்போது வழிகாட்டும் குறிப்பாக மட்டும் எடுத்துக்கொள்ளப்படும். அனுபவத்தில் இருக்கும் குடும்பம் அதற்குப் பிறகும் பதிவு கோரலாம். ஆனால் நிலத்தின் வரலாற்றை ஊர்த்தலைவரின் சான்றாலும் அண்டை நிலத்தாரின் சாட்சியத்தாலும் நிறுவ வேண்டியிருக்கும்.

இதற்காகவே 2017இலிருந்து 'பெ தெ எஸ் எல்' என்ற முழுமையான நிலப் பதிவுத் திட்டம் ஊர் ஊராக நடத்தப்படுகிறது. தனித்தனி விண்ணப்பங்களுக்குக் காத்திராமல் ஓர் ஊரின் எல்லா மனைகளையும் ஒருசேர அளப்பது இதன் முறை. நாடு முழுவதும் சுமார் 12.6 கோடி மனைகள் என்பது அரசின் கணக்கு. அளவைக்கும் சான்றிதழுக்கும் ஆகும் செலவை அரசு ஏற்கிறது. எல்லைக்கல், முத்திரைத்தாள், ஊர் ஊழியரின் போக்குவரத்து ஆகியவற்றுக்கு மட்டும் உடைமையாளர் பணம் தர வேண்டும். மூன்று அமைச்சர்கள் கூட்டாக வெளியிட்ட 2017ஆம் ஆண்டு ஆணைப்படி அதற்கு உச்சவரம்பு ஜாவாவிலும் பாலியிலும் 1,50,000 ரூப்பியா. பாப்புவா, மலுக்கு, கிழக்கு நுசா தெங்காரா பகுதிகளில் 4,50,000 ரூப்பியா. இதற்கு மேல் யாராவது கேட்டால் காரணத்தை எழுத்தில் கேட்பது உடைமையாளரின் உரிமை. அண்ணன் தம்பிகளுக்குள் பாகம் பிரிக்காத நிலமாக இருந்தால், அளவையாளர் வருவதற்கு முன்பே குடும்பத்துக்குள் பேசி எல்லைக்கல் நட்டுக்கொள்வது நல்லது. நல்லெண்ணத்தோடு பெற்று, நிலத்தைத் தம் கைவசமும் வைத்திருக்கும் ஒருவருக்குச் சான்றிதழ் வந்து ஐந்து ஆண்டு எவரும் எழுத்தில் மறுப்போ வழக்கோ தொடுக்கவில்லை என்றால், பின்னர் உரிமை கோர வருபவருக்கு வழி அடைபடுகிறது. அந்த ஐந்து ஆண்டில் ஊரில் இல்லாத வாரிசுகளுக்கு இது ஆபத்தான இடம்.

ஊர்த்தலைவரின் கையெழுத்துக்கு ஏன் இவ்வளவு மதிப்பு என்பது இங்கே விளங்கும். 2024ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி அவருடைய பதவிக்காலம் எட்டு ஆண்டு, அதிகபட்சம் இரண்டு முறை. நாட்டின் சுமார் 75,000 ஊர்களுக்கு 2015இலிருந்து நடுவண் அரசு தரும் ஊர் நிதி அவர் பொறுப்பில்தான் செலவாகிறது. எந்தச் சாலை, எந்த வாய்க்கால் என்பதை ஊர்க் கூட்டம் முடிவு செய்கிறது; வரவுசெலவைப் பெரிய பலகையாக ஊர் அலுவலகத்தின் முன் வைப்பது பல ஊர்களில் வழக்கம். நிலம் பார்க்கப் போகிறவர் அந்தப் பலகையை நின்று படிக்கலாம். அடுத்த ஆண்டு எந்தப் பாதைக்குக் கல் வரும் என்பது அதில் தெரியும்.

விற்பனை உறுதியானால், அது நிலப் பத்திரம் எழுத அரசு நியமித்த அலுவலர் முன் நடக்க வேண்டும். அத்தகையவர் போதாத இடங்களில் வட்டாரத் தலைவரே தற்காலிகமாக அப்பொறுப்பை ஏற்கிறார். விற்பவர் விலையில் 2.5 விழுக்காட்டை வருமான வரியாகச் செலுத்துகிறார். வாங்குபவர், குறைந்தது 8 கோடி ரூப்பியா விலக்குப் போக எஞ்சிய தொகைக்கு அதிகபட்சம் 5 விழுக்காடு கட்டுகிறார். ஊர் அலுவலகத்தில் நான்கு பேர் முன்னிலையில் எழுதிய ரசீது இந்தப் பத்திரத்துக்கு மாற்று ஆகாது. சான்றிதழின் எண்ணைக் கொண்டு மாவட்ட நில அலுவலகத்தில் வில்லங்கமும் அடமானமும் பார்த்த பிறகே முன்பணம் தர வேண்டும்.