நிறுவாமலே ஓடும் மென்பொருள்

நிறுவனக் கணினிகளை நிர்வகிக்கப் பழகுவோருக்கு நான் நடத்தும் வகுப்பில் முதல் கேள்வி எப்போதும் ஒன்றுதான்: ஒரு மென்பொருளை நிறுவும்போது கணினியில் என்ன நடக்கிறது? "செட்டப் ஃபைலை டபுள் கிளிக் பண்ணி, நெக்ஸ்ட், நெக்ஸ்ட், ஃபினிஷ் கொடுப்போம் சார்" என்பதே வழக்கமாக வரும் பதில். அது விரலின் வேலை. கணினியின் வேலை வேறு. நிறுவும் நிரல், தன் கோப்புகளில் பெரும்பகுதியை புரோகிராம் ஃபைல்ஸ் கோப்புறையில் வைக்கிறது. சிலவற்றை விண்டோஸின் சிஸ்டம்32 கோப்புறையில் இறக்குகிறது. விண்டோஸ் தன் அமைப்புகளைச் சேமித்துவைக்கும் ரெஜிஸ்ட்ரியில் ஏராளமான பதிவுகளை எழுதுகிறது. தேவைப்பட்டால் எழுத்துருக்களையும் பின்னணியில் ஓடும் சர்வீஸ்களையும் சேர்த்துவிட்டுப் போகிறது. ஆக, நிறுவுதல் என்பது பொதுச்சொத்தில் பல இடங்களில் கைவைப்பது.

தொல்லை அங்கேதான் தொடங்குகிறது. கூட்டுக் குடும்பத்து அஞ்சறைப்பெட்டியில் கடுகு இருந்த கிண்ணத்தில் வேறொருவர் எள்ளைக் கொட்டி வைத்தால், அடுத்து தாளிக்க வருபவரின் குழம்பு என்ன ஆகும்? 1990களின் விண்டோஸ் கணினிகளில் இதுதான் நடந்தது. இரண்டு மென்பொருள்கள் ஒரே பெயருள்ள டிஎல்எல் கோப்பை, அதாவது பல மென்பொருள்களும் எடுத்துப் பயன்படுத்தும் நிரல்தொகுப்பை, பகிர்ந்துகொள்ளும். பின்னால் வந்தது தன் பதிப்பை அதன்மேல் எழுதிவிடும். முன்னால் வந்தது மறுநாள் திறக்காது. விண்டோஸ் 2000 தன் சொந்தக் கோப்புகளைக் காத்துக்கொள்ளக் கற்றது. அடுத்து வந்த எக்ஸ்பி, ஒரே டிஎல்எல்லின் பல பதிப்புகள் அருகருகே இருக்க வழிசெய்தது. ஆனாலும் கணக்குப் பிரிவின் ஒரு மென்பொருள் ஜாவாவின் பழைய பதிப்பையும் இன்னொன்று புதிய பதிப்பையும் கேட்டால், நிர்வாகியின் தலைவலி அப்படியேதான் இருந்தது.

பாஸ்டன் நகரில் இயங்கிய சாஃப்ட்ரிசிட்டி என்ற நிறுவனம் இதற்கு வேறு கோணத்தில் விடை தேடியது. மென்பொருள்களைத் திருத்த முடியாது. அவை எங்கே எழுத நினைக்கின்றனவோ அங்கேதான் எழுதும். எனவே, எழுதிவிட்டதாக அவற்றை நம்பவைத்தால் போதும் என்பது அதன் யோசனை. அதன் சாஃப்ட்கிரிட் என்ற தயாரிப்பை 2006இல் மைக்ரோசாஃப்ட், சாஃப்ட்ரிசிட்டி நிறுவனத்தோடு சேர்த்தே வாங்கியது. பின்னர் அதற்கு ஆப்-வி (அப்ளிகேஷன் விர்ச்சுவலைசேஷன், அதாவது மென்பொருள் மெய்நிகராக்கம்) என்று பெயர் மாறியது. 2012இல் ஐந்தாம் பதிப்பு ஏறக்குறைய முழுவதும் புதிதாக எழுதப்பட்டது. 2016இல் விண்டோஸ் 10 எண்டர்பிரைஸின் 1607 பதிப்பிலிருந்து அதன் கிளையண்ட், அதாவது பயனரின் கணினியில் ஓடும் பகுதி, இயங்குதளத்திலேயே சேர்ந்து வரத் தொடங்கியது. 2008இல் விஎம்வேர் வாங்கிய தின்ஆப்பும் இதே குலத்தைச் சேர்ந்ததுதான். மெய்நிகராக்கம் என்றதும் பலரும் கணினிக்குள் கணினியை ஓட்டுவதை நினைத்துக்கொள்கிறார்கள். இங்கே இரண்டாவது இயங்குதளம் எதுவும் இல்லை. ஒரே விண்டோஸின் மேல், ஒரு மென்பொருளைச் சுற்றி மட்டும் ஒரு குமிழ் ஊதப்படுகிறது, அவ்வளவே.

அந்தக் குமிழை உருவாக்கும் கருவிக்கு சீக்வென்சர் என்று பெயர். சுத்தமான ஒரு கணினியில் அதை ஓடவிட்டு, வழக்கம்போல மென்பொருளை நிறுவ வேண்டும். அந்த நேரத்தில் எந்தக் கோப்பு எங்கே எழுதப்பட்டது, ரெஜிஸ்ட்ரியில் எது மாறியது என்பதையெல்லாம் சீக்வென்சர் கவனித்துத் தொகுத்து ஒரே பேக்கேஜாகக் கட்டிவிடும். வகுப்பில் அந்த பேக்கேஜின் பெயர் நீட்சியை ஜிப் என்று மாற்றித் திறந்து காட்டுவேன். அது உண்மையில் ஜிப் வடிவக் கோப்புதான் என்று கண்டதும் பலருக்கு பயம் தெளிந்துவிடும். உள்ளே ரெஜிஸ்ட்ரி மாற்றங்கள் முழுவதும் ஒரே கோப்பில் இருக்கும்; மென்பொருளின் குறுக்குவழிகளையும் கோப்புத் தொடர்புகளையும் விவரிக்கும் எக்ஸ்எம்எல் கோப்பு ஒன்று இருக்கும்; விஎஃப்எஸ் என்ற கோப்புறைக்குள் விண்டோஸின் கோப்புறை அமைப்பே சிறிய அளவில் இருக்கும். சிஸ்டம்32-இல் இறங்க நினைத்த டிஎல்எல், அசல் சிஸ்டம்32-ஐத் தொடாமல் இந்தக் குட்டி வீட்டின் அதே அறையில் உட்கார்ந்திருக்கும்.

பயனர் அந்த மென்பொருளைத் திறக்கும்போது நடப்பதைக் கவனமாகப் பார்க்க வேண்டும். ஆப்-வி கிளையண்ட், ஓடத் தொடங்கும் அந்த மென்பொருளின் செயல்முறைக்குள் (பிராசஸ்) தன் டிஎல்எல் ஒன்றை நுழைக்கிறது. விண்டோஸின் உள்மையமான கருவுக்குள் (கெர்னல்) அதன் டிரைவர்களும் விழிப்பாக இருக்கின்றன. "இந்தக் கோப்பைத் திற" என்று மென்பொருள் கேட்கும் ஒவ்வொரு முறையும் அந்தக் கேள்வி வழிமறிக்கப்படுகிறது. இந்தப் பயனர் ஏற்கெனவே மாற்றி எழுதிய நகல் உண்டா என்று முதலில் பார்க்கப்படும். இல்லையென்றால் பேக்கேஜுக்குள் தேடப்படும். அங்கும் இல்லாதபோதுதான் அசல் வட்டுக்குக் கேள்வி போகும். எழுதும்போதும், பயனருக்கு எழுத அனுமதி உள்ள இடங்களில், இதே தந்திரம்தான்: பேக்கேஜில் உள்ள மூலத்தைத் தொடாமல், அதன் நகலைப் பயனரின் சொந்தக் கோப்புறைக்குள் வைத்து அதில் எழுத அனுமதிக்கிறது கிளையண்ட். மென்பொருள் ஒரு கோப்பை அழித்தால்கூட மூலம் அழிவதில்லை. "அழிக்கப்பட்டது" என்று ஒரு குறிப்பு மட்டும் அந்தப் பயனரின் கணக்கில் எழுதப்படுகிறது.

இதைச் சொல்லிப் புரியவைப்பதைவிடக் காட்டுவது எளிது. இரண்டு கட்டளைச் சாளரங்களைத் திறக்கிறோம். ஒன்று சாதாரணமானது, மற்றொன்று 'ஆப்விவிஇ' என்ற சுவிட்சோடு பேக்கேஜின் அடையாள எண்ணைக் கொடுத்து, குமிழுக்குள்ளிருந்து திறக்கப்பட்டது. இரண்டிலும் புரோகிராம் ஃபைல்ஸ் கோப்புறைக்குப் போய், உள்ளே இருப்பதைப் பட்டியலிடும் 'டிஐஆர்' கட்டளையை அடிக்கிறோம். முதல் சாளரத்தில் அந்த மென்பொருளின் கோப்புறையே இல்லை. இரண்டாவதில் எல்லாக் கோப்புகளும் வரிசையாக நிற்கின்றன. ஒரே கணினி, ஒரே வட்டு, ஒரே கேள்வி. கேட்பவரைப் பொறுத்துப் பதில் மாறுகிறது. பத்துப் பக்க விளக்கத்தில் பிடிபடாத விஷயம் இந்த ஒரு நிமிடத்தில் பிடிபடுவதைப் பலமுறை பார்த்திருக்கிறேன்.

இன்னொரு வேடிக்கையும் உண்டு. பேக்கேஜ் வந்து இறங்கும் கோப்புறையில் ஏதேனும் ஒரு பெரிய கோப்பின் விவரங்களைத் திறந்தால், அதன் அளவு ஒன்றாகவும் வட்டில் அது பிடித்துள்ள இடம் அதைவிட மிகச் சிறியதாகவும் காட்டும். கோப்பு முழுவதும் இன்னும் வந்து சேரவில்லை என்பதுதான் காரணம். அளவை மட்டும் குறித்துவைத்து, உள்ளடக்கத்தைத் தேவைப்படும்போது சர்வரிலிருந்து இழுத்து நிரப்புகிறது கிளையண்ட். சீக்வென்சரில் மென்பொருளை ஒருமுறை திறந்து, வழக்கமாகச் செய்யும் வேலைகளைச் செய்து காட்டினால், அப்போது தொடப்பட்ட பகுதிகள் முதலில் வர வேண்டியவை என்று குறித்துவைக்கப்படும். அவை வந்து சேர்ந்ததும் மென்பொருள் திறந்துவிடும், மற்றவை பின்னாலேயே வந்து சேரும்.

எல்லாவற்றையும் குமிழுக்குள் அடைக்க முடியாது. நிர்வாகிக்கு வேண்டிய அறிவில் பாதி இதைத் தெரிந்துகொள்வதுதான். டிரைவர்கள் விண்டோஸின் கருவோடு பேசுபவை என்பதால் அவற்றுக்கு இங்கே இடமில்லை. கணினி தொடங்கும்போதே எழுந்திருக்க வேண்டிய சர்வீஸ்களும் அப்படித்தான். தமிழ் விசைப்பலகை மென்பொருளை பேக்கேஜ் செய்ய முடியுமா என்று வகுப்பில் தவறாமல் யாராவது கேட்பார்கள். எல்லா மென்பொருள்களுக்குள்ளும் எட்டிப்பார்த்துத் தட்டச்சு செய்து கொடுக்க வேண்டியதை ஒரே குமிழுக்குள் பூட்டினால் அதற்கு வேலையே இல்லாமல் போகும். பாமினி போன்ற பழைய எழுத்துருக்களும் அதே வகை: பேக்கேஜுக்குள் வைத்த எழுத்துரு உள்ளே ஓடும் மென்பொருளுக்குத்தான் தெரியும், அதில் எழுதிய ஆவணத்தை வெளியே இருக்கும் வேர்டில் திறந்தால் எழுத்துகள் குப்பையாகத்தான் வரும்.

தன்னைத்தானே புதுப்பித்துக்கொள்ளும் மென்பொருள்களிடமும் எச்சரிக்கை வேண்டும். எக்ஸ்இ, டிஎல்எல் போன்ற கோப்புகளைக் குமிழுக்குள் பயனர் மாற்றி எழுத ஆப்-வி விடாது. எனவே தானியங்கிப் புதுப்பிப்பை சீக்வென்ஸ் செய்யும்போதே அணைத்துவிட்டு, புதிய பதிப்பை நிர்வாகியே பேக்கேஜாகக் கட்டி அனுப்ப வேண்டும். புதிய பதிப்பு பழையதன்மேல் எழுதப்படாமல் அதன் அருகே வந்து உட்கார்வதால், ஏதேனும் கோளாறென்றால் பழையதற்குத் திரும்புவது சுலபம். சாதாரண முறையில் நிறுவிய மென்பொருளைப் பின்னோக்கி இழுத்துப் பார்த்தவர்களுக்கு இதன் அருமை தெரியும்.

பயிற்சியில் அதிகம் நடக்கும் தவறு சீக்வென்சரிலேயே நேர்கிறது. ஒருமுறை எங்கள் வகுப்பில் ஒருவர் தாம் அன்றாடம் பயன்படுத்தும் மடிக்கணினியிலேயே சீக்வென்ஸ் செய்துவிட்டார். அதே நேரத்தில் விண்டோஸ் அப்டேட் பின்னணியில் ஓடிக்கொண்டிருந்தது. அது எழுதியதும் சேர்ந்து பேக்கேஜுக்குள் போய்விட்டது. சிறிய படிவ மென்பொருள் ஒன்றின் பேக்கேஜ் ஏன் இவ்வளவு கனக்கிறது என்று தேடியபோதுதான் விஷயம் தெரிந்தது. இதற்காகத்தான் மெய்நிகர் கணினி ஒன்றை எடுத்து, அப்டேட்டையும் ஆன்டிவைரஸையும் நிறுத்தி, அந்த நிலையை ஸ்னாப்ஷாட்டாகச் சேமித்துவைத்து, ஒவ்வொரு பேக்கேஜுக்கும் அங்கிருந்தே தொடங்கச் சொல்கிறோம்.

கட்டிய பேக்கேஜை யாருக்குக் கொடுப்பது என்பது மேசைக்கணினி நிர்வாகத்தின் பழைய வேலையோடு சேர்கிறது. நிறுவனத்தின் பயனர்களையும் கணினிகளையும் பட்டியலிட்டு வைத்திருக்கும் ஆக்டிவ் டைரக்டரியில் ஒரு குழுவுக்கு பேக்கேஜை ஒதுக்கினால், அந்தக் குழுவைச் சேர்ந்தவர் எந்தக் கணினியில் உள்நுழைந்தாலும் அவருடைய மென்பொருள் அங்கே வந்து நிற்கும். கிளையண்டின் அமைப்புகளை, எல்லாக் கணினிகளுக்கும் ஒரே இடத்திலிருந்து விதி வகுக்கும் குரூப் பாலிசி வழியாக அனுப்பலாம். இங்கே புதியவர்கள் தடுமாறுவது நேரக்கணக்கில். பாலிசியை மாற்றியதும் எல்லாக் கணினிகளும் அந்த நொடியே மாறிவிடா. பின்னணியில் 90 நிமிடங்களுக்கு ஒருமுறை, அதோடு 0 முதல் 30 நிமிடங்கள்வரை ஏதோ ஒரு தாமதம் சேர்த்து, கணினிகள்தாம் வந்து கேட்டுக்கொள்ளும். எல்லாம் ஒரே நொடியில் வந்து சர்வரை முட்டக் கூடாது என்பதற்கே அந்தத் தாமதம்.

கடைசி நாளில் ஒரு பேக்கேஜைக் கொடுக்கிறேன். நிர்வாகி உரிமையோடு திறந்தால் அது ஓடும். சாதாரணப் பயனர் திறந்தால் வாய்திறக்காமல் மூடிக்கொள்ளும். பிராசஸ் மானிட்டர் என்ற இலவசக் கருவியைத் திறந்து, அந்தச் செயல்முறையை மட்டும் வடிகட்டி, 'ஆக்சஸ் டினைட்' என்று முடியும் வரியைத் தேட வேண்டும். மென்பொருள் தன் கோப்புறைக்குள்ளேயே ஒரு பதிவுக்கோப்பை (லாக்) எழுதப் பார்க்கிறது, அனுமதி இல்லை என்பது கண்ணில் படும். மெய்நிகர்க் கோப்பமைப்பில் (விஎஃப்எஸ்) எழுத முழு உரிமை கொடுக்கும் பெட்டி ஒன்று ஆப்-வி 5.1 பதிப்பின் சீக்வென்சரில் உண்டு. அதில் டிக் போட்டால் தீர்ந்தது. பெரும்பாலோர் அப்படித்தான் தீர்த்தார்கள். கடந்த வகுப்பில் ஒரு பெண் மட்டும் டிக் போடாமல், பதிவுக்கோப்பின் இடத்தை மாற்றும் வசதி அந்த மென்பொருளின் அமைப்புக் கோப்பிலேயே இருப்பதைக் கண்டுபிடித்து, அதைப் பயனரின் கோப்புறைக்குத் திருப்பிவிட்டு மீண்டும் சீக்வென்ஸ் செய்தார். பேக்கேஜ் முதல் சொடுக்கிலேயே திறந்தது.